கன்னிகா கடலுக்குப் போன ஐந்து நாள்

கன்னிகா புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், ரயில் பாதையைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது நாற்பத்து நான்கு வயது. வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்பு, அதற்கு அப்பால் வேர்க்கடலை போடும் மேட்டு நிலம். போன வருடம் வரை அவள் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தமானில், நீல் தீவில் இருக்கும் ஒரு விடுதியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னென்ன சமைப்பார்கள் என்று கேட்டால் தடங்கல் இல்லாமல் சொல்லுவாள். தேங்காய்ப் பாலில் வெந்த நண்டு, வாழையிலையில் சுருட்டிச் சுட்ட கொடுவா மீன், பூண்டு தட்டிப்போட்ட இறால், எலுமிச்சை பிழிந்த சங்கரா மீன் வறுவல். எல்லாம் அவள் போனில் கேட்டது.

அவள் புருஷன் முரளிதரன் அவளுக்குத் தாய்மாமன் மகன். திருப்பதியில் கல்யாணச் சமையல் செய்துகொண்டிருந்தவன். தொடர்ந்து மூன்று வருடம் மழை பொய்த்துப்போய் நிலம் கைவிட்ட நேரத்தில், யாரோ அந்தமானுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுக் கப்பல் ஏறினான். அது 2009. மகள் தரணிக்கு அப்போது ஏழு வயது. ஒரு வருடம் இருந்துவிட்டு வருகிறேன் என்றவன் பதினான்கு வருடம் இருந்தான். மழைக்காலத்தில் விடுதி காலியாகக் கிடக்கும்போது இருபது நாள் வீட்டுக்கு வருவான். வந்த நாட்களில் தோப்பு வேலை, உறவுக்காரர் வீட்டு விசேஷம், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்று அந்த இருபது நாளும் ஓடிவிடும்.

ஆக, அவர்களுடைய குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் தினம் மத்தியானம் மூன்றரை மணிக்குத்தான் நடந்தது. விடுதியில் மத்தியானப் பந்தி முடிந்து, ராத்திரிச் சமையல் தொடங்குவதற்குள் அவனுக்குக் கிடைக்கும் ஓய்வு அந்த நேரம்தான். கன்னிகா மாமனார் மாமியாருக்குப் போட்டுவிட்டு, தான் மட்டும் சாப்பிடாமல் இருப்பாள். போன் அடித்ததும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு பின்கட்டில் உட்காருவாள்.

"துன்னியா?" என்பான்.

"இப்பதான் துன்னுகினு கீறேன். நீ?"

"நானும் துன்னுகினேதான் பேசறேன்."

"இன்னா இன்னிக்கு?"

அவன் சொல்லத் தொடங்குவான். அந்தத் தீவில் அப்போதெல்லாம் நெட் சரியாக வராது. படம் அனுப்ப முடியாது. அதனால் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்லியாக வேண்டும். நண்டின் ஓடு என்ன நிறம், பால் எந்தப் பதத்தில் ஊற்றினான், வெள்ளைக்காரர்கள் எப்படி அதைக் கத்தியால் குத்திப் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போவான். பின்னால் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் அவள் அதை லைன் கோளாறு என்று நினைத்தாள். கடல் என்று அவன் சொன்னபோது சோற்றைப் பிசைந்த கையோடு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவன் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத் தொடங்கியது. அதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. இரண்டொரு தரம் அவனிடம், "என்ன ஒரு தபா இட்டுகினு போயேன்" என்று கேட்டாள். "ஸ்டாப்புக்கு ரூம் இல்லமே, நாலு பேரு ஒண்ணா படுக்கறோம்" என்றான் அவன். அதற்கு மேல் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கொரோனா வருடத்தில் மாமனார் இறந்தபோது விமானமும் இல்லை, கப்பலும் இல்லை. கொள்ளி போட்டதைப் பங்காளி ஒருவர் போனில் காட்டினார். அந்தப் பக்கம் படம் நின்று நின்று வந்தது. அன்றைக்கு மட்டும் இருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

2023இல் விடுதி கை மாறியது. பழைய ஆட்களை நிறுத்திவிட்டார்கள். முரளிதரன் இரண்டு பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தான். ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை கிடைத்தது. விடியற்காலையில் போய் சாயங்காலம் திரும்புவான். ஆள் பக்கத்தில் இருந்தான், பேச்சுதான் குறைந்துவிட்டது. மத்தியானம் மூன்றரைக்கு அவள் போன் இப்போது அடிப்பதில்லை. பழக்கத்தில் அவள் அந்த நேரம் வரை சாப்பிடாமல் இருந்துவிடுவாள். பிறகு தானாகப் போட்டுச் சாப்பிடுவாள். வீட்டில் அவன் கரண்டியைத் தொடுவதே இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் மாந்தோப்பில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு, எதையோ உற்றுக் கேட்பவனைப் போல இருப்பான்.

தரணிக்கு ரேணிகுண்டாவிலேயே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. திருச்சானூரில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஷேர் ஆட்டோவில் கோயில் கூட்டத்தோடு இடித்துக்கொண்டு போய் வருகிறவள். போன பொங்கலுக்கு வந்தபோது போனை அம்மா மடியில் வைத்தாள். அதில் இரண்டு பேருக்கு விமான டிக்கெட் இருந்தது.

"நைனா, லீவு சொல்லிடு. அஞ்சு நாளு. நீ வேல செஞ்ச எடத்துக்குத்தான்."

"ஆயாவ யாரு பாக்கறது?" என்றான் முரளிதரன் உடனே.

"அத்தகிட்ட பேசிட்டேன். சத்தியவேட்டுல இருந்து வந்து இருக்கறேன்னு சொல்லிடுச்சு."

மாமியார் சுந்தராம்பாளுக்கு ஐந்து வருடமாக இடது கை கால் வராது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் கன்னிகாதான். நாத்தனார் பிரேமலதா வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகும், எந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது வரை மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

புத்தூரில் ரயிலேறி சென்னை, அங்கிருந்து போர்ட் பிளேர். மறுநாள் காலை படகு. நீல் தீவின் படகுத்துறையில் இறங்கியபோது கன்னிகா தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டாள். பச்சை மாங்காயை நறுக்கினால் உள்ளே தெரியுமே, கரையோரம் அந்த நிறத்தில் இருந்தது. அடியில் மீன் போவது தெரிந்தது.

"இதப் பத்தி நீ சொல்லவே இல்லியே," என்றாள்.

"சமையல் ரூமுல இருந்து இது தெரியாதுமே."

கடற்கரையை ஒட்டிய குடிலில் தரணி ஊரிலிருந்தே அறை பதிவு செய்திருந்தாள். பெட்டியை வைத்ததும் கன்னிகா சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது." அதற்குப் பிறகு அவர்கள் சாப்பிட்டார்கள். சாப்பிடத்தான் வந்தவர்கள் மாதிரி சாப்பிட்டார்கள். அவள் பெயர் பெயராகக் கேட்டு வாங்கினாள். மத்தியானம் சங்கரா வறுவல், ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே வெள்ளையாக இதழ் இதழாக. மரத்தடியில் சீவிக் கொடுத்த இளநீர் இரண்டு. சாயங்காலம் தள்ளுவண்டியில் கடுகெண்ணெய் விட்டுக் கலந்த பொரி. பிறகு பூண்டு இறால். விரலில் ஒட்டியதைக்கூட அவள் விடவில்லை.

முரளிதரனால்தான் உட்கார முடியவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் எழுந்து போய்ச் சமையல்கட்டு வாசலில் நிற்பான். மூக்கை விடைத்துக்கொண்டு திரும்பி வருவான். "எண்ண காயல, அதுக்குள்ள போட்டுட்டான்," என்பான். பரிமாறுகிறவன் தண்ணீர் கொண்டுவரத் தாமதமானால் தானே போய் ஜக்கை எடுத்து வருவான். பக்கத்து மேசையில் யாராவது சாப்பிட்டு எழுந்தால் தட்டைப் பார்த்து, மிச்சம் வைத்திருக்கிறார்களா என்று கவனிப்பான்.

மூன்றாம் தடவை அவன் எழுந்தபோது கன்னிகா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாமா, நீ இங்க வேலைக்கு வந்தியா? குந்து. என் எதுர குந்தி ஒரு வேள துன்னு. கல்யாணம் ஆகி இருபத்தி நாலு வருஷம் ஆவுது. நாம ரெண்டு பேரும் இப்டி எதுரும் புதுரும் குந்தி எத்தினி நாளு துன்னுகீறோம், சொல்லு?"

அவன் யோசித்தான். உட்கார்ந்தான்.

அப்போதுதான் நண்டு வந்தது. தேங்காய்ப் பாலில் வெந்து, மண்சட்டியோடு. பதினான்கு வருடம் கேட்டுக் கேட்டு அவள் மனதில் சமைத்து வைத்திருந்த நண்டு. முதல் கொடுக்கை எடுத்து அவனிடம் நீட்டினாள். "எப்டி ஒடைக்கணும், காட்டு." அவன் ஓட்டை ஒரே தட்டில் பிளந்தான். அதில் கை தேர்ந்தவன்தான். ஆனால் சதையை எடுத்துத் தின்னும்போது சாறு முழங்கை வரை வழிந்தது. கூரான முனை உதட்டைக் குத்திவிட்டது.

"இன்னா மாமா, கொழந்த மாதிரி துன்ற!" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். சட்டி காலியாகும் வரை அவன் எழவில்லை.

மறுநாள் அவன் வேலை செய்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். விடுதிக்கு இப்போது வேறு பெயர், புதிய மதில். காவலாளியிடம் முரளிதரன் இந்தியில் ஏதோ பேசினான். பின்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அவர் விட்டார். சமையலறைக்குப் பின்னால் ஒரு நாட்டு வாதுமை மரம். அடியில் கேஸ் சிலிண்டர்கள், கவிழ்த்த பிளாஸ்டிக் வாளிகள்.

"இங்கதான். இந்த எடத்துலதான் சிக்னல் வரும்."

கன்னிகா ஒரு வாளியைத் துடைத்து அதில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கடல் தெரியவில்லை. தென்னைகளுக்குப் பின்னாலிருந்து இரைச்சல் மட்டும் வந்தது. போனில் கேட்ட அதே இரைச்சல். அந்தப் பக்கத்தை எத்தனையோ மத்தியானம் அவள் கற்பனை செய்திருக்கிறாள். மேசை, விரிப்பு, தட்டு நிறைய மீன், காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு அவன். சுற்றிலும் பார்த்தாள்.

"துன்னுகினே பேசறேன்னு சொல்லுவியே. தட்ட எங்க வெச்சுப்ப?"

முரளிதரன் சிலிண்டர் மீது இருந்த காய்ந்த இலையைத் தட்டிவிட்டான்.

"தட்டு இருக்காதுமே."

"அப்டின்னா?"

"காலைல பத்தரைக்கே ஸ்டாப்புக்குப் போட்டுருவாங்க. பருப்பு, சோறு. எப்பவாவது மீன் தல. மத்தியானம் ஒண்ணும் இல்ல. பந்திக்குப் பண்றத நாங்க தொடக்கூடாது. உப்பு பாக்கறதுக்கு நாக்குல ஒரு சொட்டு, அவ்ளோதான்."

"நண்டு?"

"நேத்துதான் மொத தபா."

அவள் சமையலறைக் கதவைப் பார்த்தாள். பிறகு, "எதுக்கு மாமா அப்டி சொன்ன?" என்று கேட்டாள்.

"நீ கேக்கறப்ப ஒன் கொரலு நல்லா இருக்கும். பருப்பு சோறுன்னு சொன்னா நீ அழுவ. அப்பால நான் இங்க இருக்க முடியாது."

கன்னிகா அழவில்லை. தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னாள். அவன் போன பிறகும் மழை பொய்த்த வருடங்களில், அவன் கேட்டபோது கத்திரிக்காய்க் குழம்பு என்றும் கோழி என்றும் அவள் சொன்னதில் பாதி கிடையாது. கரைத்த கூழும் வேர்க்கடலைத் துவையலும்தான். "உனுக்கு கஷ்டமா இருக்கக்கூடாதுன்னுதான்," என்றாள். காவலாளி எட்டிப் பார்த்தார். அவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். சாலையில் நடக்கும்போது முரளிதரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஊரில் அப்படி அவன் நடந்ததே கிடையாது.

அன்று மத்தியானம் கடைத்தெருவில் பூர்ணிமா தீதியின் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். நான்கு மேசை. எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் அறுபது வயது வங்காளி அம்மாள், விதவை. வாரத்தில் ஒருநாள் விடுமுறையில் முரளிதரன் சாப்பிட்டது அங்கேதான். அவனைப் பார்த்ததும் அந்த அம்மாள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். கன்னிகாவின் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொன்னாள்.

"போனுல இருக்கற பொண்டாட்டியான்னு கேக்குது," என்றான் அவன்.

இலையில் சோறு, பருப்பு, வாழைப்பூ வதக்கல், கடுகு அரைத்துவிட்ட மீன். ஓரத்தில் ஒரு துவையல். கன்னிகா அதைத் தொட்டு நாக்கில் வைத்தாள். வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், சுட்ட பூண்டு, துளி புளி. வெங்காயத்தைக் கடைசியில் பச்சையாக நசுக்கிப் போட்டிருந்தது. அவள் வீட்டு ஆட்டுக்கல்லிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

"இது யாரு கத்துக் குடுத்தது?"

"நீதான். ஒரு வருஷம் பொங்கலப்போ போனுல கேட்டேனே, மூணு தபா சொன்னியே. இங்க வந்து அரச்சேன். தீதிக்குப் புடிச்சுப் போச்சு. இப்ப பொரிச்ச மீனுக்கு இதான் வெக்குதாம். வர்றவங்க கேட்டு வாங்கறாங்களாம்."

பூர்ணிமா தீதி பக்கத்தில் நின்று, சரியாக இருக்கிறதா என்று கண்ணால் கேட்டாள். கன்னிகாவுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இந்தியில் தெரியவில்லை. அந்த அம்மாளின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினாள். கிளம்பும்போது தீதி முரளிதரனிடம் தணிந்த குரலில் ஏதோ நீளமாகப் பேசினாள். அவன் தலையை அசைத்து மறுப்பது தெரிந்தது. என்ன என்று கேட்டதற்கு, "சும்மா," என்றான்.

கடைசி நாள் காலை, படகுக்கு நேரம் இருந்தது. தரணி பெட்டியில் வைத்து அனுப்பியிருந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு கன்னிகா கடலில் இறங்கினாள். அந்தப் பக்கம் அலையே இல்லை. வெதுவெதுப்பாக, குளம் மாதிரி கிடந்தது. இடுப்பளவு தண்ணீருக்குப் போய் அப்படியே உட்கார்ந்தாள். கழுத்து வரை கடல். முரளிதரன் இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றான்.

"வா மாமா."

"பாத்துகினு கீறேன், நீ குளி."

"பதினாலு வருஷம் பாத்தது போதாதா? வா."

"பதினாலு வருஷமும் முட்டிக்கு மேல நனஞ்சது இல்லமே. எங்க நேரம்?"

சொல்லிவிட்டு அவனே தண்ணீரைக் காலால் தொட்டுப் பார்த்தான். பிறகு செருப்பை மணலில் வைத்து, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். மடித்தது வீணாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்ததும் அவன் உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. இருவரும் தண்ணீரிலேயே இருந்தார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் சமைக்க வேண்டியதில்லை, யாருக்கும் ஊட்ட வேண்டியதில்லை. கன்னிகாவுக்கு எழவே மனம் இல்லை. படகுக்கு நேரமாகிவிட்டது என்று அவன்தான் இரண்டு தரம் சொல்லி எழுப்பினான்.

படகு தீவை விட்டு நகர்ந்ததும் முரளிதரன் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தான். மாந்தோப்பில் படுத்திருக்கும்போது இருக்கும் அதே முகம். தோப்பில் அவன் உற்றுக் கேட்டது இந்த இரைச்சலைத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"தீதி இன்னா சொல்லிச்சு? நெஜத்தச் சொல்லு."

"முட்டி வலியாம். நின்னு சமைக்க முடியலயாம். நாம ரெண்டு பேரும் வந்து கடையப் பாத்துக்கறோமான்னு கேட்டுச்சு. பின்னாடி ஒரு ரூம் கீது."

"நீ?"

"அம்மா கீது, முடியாதுன்னுட்டேன்."

"என்ன ஒரு வார்த்த கேக்கலியே."

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கேட்டா நீ வரேன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

வீடு வந்து சேர்ந்தபோது சுந்தராம்பாள் இளைத்திருந்தாள். "நான் ஊட்டுனா வாயத் தொறக்கல அண்ணி, ஒன்ன கேட்டுகினே இருந்துச்சு," என்றாள் பிரேமலதா. கன்னிகா பெட்டியைக்கூடத் திறக்காமல் கையைக் கழுவிக்கொண்டு சோற்றைக் குழைத்தாள். கிழவி நாலு வாய் வாங்கிவிட்டு, வலது கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகு மாங்காய் இறங்கி, லாரியேறிப் போயிற்று. வேர்க்கடலை விதைத்தார்கள். முரளிதரன் வழக்கம்போல ரேணிகுண்டாவுக்குப் போய் வருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தூர் சந்தையில் ஐஸ் மீன் வாங்கிவந்து அவனே சமைக்கிறான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா குழம்பு வாசனைக்கு எட்டிப் பார்த்துக் கேட்டு வாங்கிப் போகிறாள். பேச்சும் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஏங்குவது கன்னிகா. துணி துவைக்கும்போது, நடுமதியத்தில் பம்புசெட் ஓடும்போது, அவளுக்கு அந்த வெதுவெதுப்பான தண்ணீர் உடம்பில் ஏறுகிறது. போனை வைத்துக்கொண்டு இந்தி கற்றுக்கொள்கிறாள். மத்தியானத்தில் மாமியார் கட்டிலருகே உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். உப்பு, மீன், உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா.

பூர்ணிமா தீதி ஒரு தடவை கூப்பிட்டாள். வேலைக்கு வைத்த ஆள் நிற்கவில்லையாம். அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தப் பேச்சு வந்த அன்று கன்னிகாவுக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது. மாமியார் போய்விட வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அப்படி நினைத்துவிடுவோமோ என்றுதான் பயந்தாள். அன்றைக்குக் கிழவிக்கு இரண்டு தரம் முகம் துடைத்துவிட்டாள்.

போன வாரம் ஒரு மத்தியானம். மாமியார் தூங்குகிறாள் என்று நினைத்து கன்னிகா இந்தியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாஷ அது?" என்று கட்டிலிலிருந்து குழறிய குரல் வந்தது.

"இந்தி, அத்த."

"எதுக்கு?"

"சும்மாதான்."

சுந்தராம்பாள் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள். சரியாக வராத வாயால், நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "அவன் இருந்த ஊருக்குப் போவணும்னு கீதா ஒனுக்கு?"

இல்லை என்றுதான் சொல்ல வந்தாள். வார்த்தை வேறாக வந்தது.

"கீது அத்த."

யாரிடமும் அவள் அதுவரை அதைச் சொன்னதில்லை, முரளிதரனிடம்கூட. கிழவி கோபித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. கூரையைப் பார்த்தாள். "எனுக்கும் சின்ன வயசுல மெட்ராஸ்ல போயி இருக்கணும்னு இருந்துச்சு," என்றாள். பிறகு திரும்பிப் படுக்கவைக்கச் சொன்னாள். கன்னிகா எழுந்து, தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, மெதுவாக அவளை மறுபக்கம் திருப்பினாள்.